குறையாத ஆயில்

தெருவில் அந்த பிக்கப் வண்டிக்குக் கொசுமருந்து வண்டி என்று பெயர். காலையில் சாவியைத் திருப்பினால் போதும், பின்னாலிருந்து நீலப்புகை குப்பென்று கிளம்பி இரண்டு வீட்டுக்குப் பரவும். எதிர்வீட்டுப் பெண் காயப்போட்ட துணிகளை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடுவாள். நாளாக ஆக வண்டியின் பெயர் ஓட்டுகிறவருக்கும் ஒட்டிக்கொண்டது.

"கொசுமருந்து கிளம்பிட்டாருடோய், மூக்கைப் பொத்திக்கோங்க!"

அவரும் கண்ணாடியை இறக்கிச் சிரிப்பார். "ஒரு கொசு உங்கள கடிச்சிருக்கா? இந்தத் தெருவுல இலவச சேவை பண்றேன், ஒருத்தராவது நன்றி சொல்றீங்களா?"

சிரிப்பெல்லாம் தெருமுனை வரைக்கும்தான். வண்டி ஐந்து லட்சத்து அறுபதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருந்தது. முதலில் இரும்புக் குழாய் வியாபாரி ஒருவரிடம் சம்பளத்துக்கு அதை ஓட்டினார். வியாபாரி புது வண்டி வாங்கியபோது பழையதை இவரே வாங்கிக்கொண்டார். பிறந்த மகளை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தது அதில்தான். அதே மகளைக் கல்யாணம் முடித்து, கட்டிலும் பீரோவும் ஏற்றி அனுப்பியதும் அதில்தான். இப்போது அவருக்கு ஐம்பத்து நான்கு வயது. வேறு தொழில் தெரியாது. முதுகு மூட்டை தூக்க ஒத்துழைக்காது. இன்ஜின் நின்றால் வீடும் நின்றது. இது அவருக்கும் தெரியும், அவர் மனைவிக்கும் தெரியும். இரண்டு பேரும் அதை வாய்விட்டுச் சொன்னதில்லை.

பட்டறைக்குக் கொடுத்து வேலை பார்க்கக் கட்டுப்படியாகாது என்று எல்லாவற்றையும் வீட்டு வாசலிலேயே பார்ப்பார். பிரேக் ஷூ மாற்றுவது, பட்டை ஸ்பிரிங்குக்குப் புஷ் போடுவது, ரேடியேட்டர் ஓட்டையை அடைப்பது எல்லாம் கைவந்த வேலை. ராத்திரி நிறுத்தும்போது அடியில் ஒரு அட்டையை விரித்து வைப்பார். எங்கே ஒழுகுகிறது என்று காலையில் அந்த அட்டை சொல்லும். ஆனால் ஆயில் ஒழுகவில்லை. அட்டை சுத்தமாக இருக்கும், அளவுக் கம்பியை எடுத்துப் பார்த்தால் ஆயில் மட்டும் இறங்கியிருக்கும். வண்டி உள்ளுக்குள்ளேயே குடித்துப் புகையாக விட்டுக்கொண்டிருந்தது.

காலையில் சாமி கும்பிட்டுவிட்டு நேராக வண்டியிடம்தான் வருவார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, பழைய பனியன் துணியில் துடைத்து, மறுபடி விட்டு எடுப்பார். மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவில் அன்றைய நாள் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பம்பரில் உட்கார்ந்திருப்பார். ஜன்னல் பக்கம் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் மனைவிக்கு அவர் முதுகு மட்டும் தெரியும். அந்த முதுகைப் பார்த்தாலே அவளுக்கு அன்றைக்குக் கோடு எங்கே நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஆயில் குறைந்தால் எரியும் விளக்கு ஒன்று ஸ்டியரிங்குக்கு முன்னால் உண்டு. அது காரணமே இல்லாமல் வருஷக்கணக்காக மினுக்கி உயிரை வாங்கியதால் அதன்மேல் கறுப்பு டேப் ஒட்டிவிட்டார். "வயசானா எல்லாருக்கும் கண் துடிக்கும்" என்பார்.

பழக்கமான மெக்கானிக் ஒருநாள் வந்து, புகையை மோந்து பார்த்துவிட்டுச் சொன்னான்.

"அண்ணே, வால்வு சீலா இருக்கலாம். சீலா இருந்தா தப்பிச்சீங்க. ரிங்கு தேஞ்சிருந்தா இன்ஜினையே பிரிக்கணும். பிரிச்சா இது திரும்பச் சேராது."

"சீல்தான் தம்பி. எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"சீலா இருக்கணும்னு வேண்டிக்கிட்டேன்."

"நல்ல ஆளுண்ணே நீங்க. அப்ப நான் எதுக்கு?"

இரண்டு நாள் வண்டியை நிறுத்திவிட்டு எட்டு சீலையும் அவரே மாற்றினார். மனைவி டார்ச் பிடித்தாள். வால்வைப் பூட்டும் நகம் அளவு துண்டுகளை எண்ணி எண்ணி ஒரு டப்பா மூடியில் வைத்தாள். ஒரு துண்டு தெறித்துப் போய், இரண்டு பேரும் காந்தத்தைக் கயிற்றில் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் மண்ணைத் துழாவினார்கள். கிடைத்ததும் அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மேல்கோடு வரைக்கும் ஆயில் ஊற்றி வேலையை முடித்த சாயங்காலம் அவருக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. காய்ச்சலோடுதான், கம்பியைக்கூடப் பார்க்காமல், இரண்டு நாள் சவாரி போய்விட்டு வந்தார். மூன்றாம் நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை.

அன்றைக்கு விடிந்ததும் அவளே போய்க் கம்பியை உருவிப் பார்த்தாள். கீழ்க்கோட்டுக்குக் கீழே இருந்தது.

சீல் இல்லை, ரிங்குதான். இரண்டு நாள் பட்ட பாடு அத்தனையும் வீண். உள்ளே போர்வைக்குள் அவர் முனகும் சத்தம் கேட்டது. எழுந்து வந்ததும் இதைத்தான் பார்க்கப் போகிறார். காய்ச்சல் விடட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று மூலையில் கிடந்த ஆயில் டப்பாவை எடுத்து மேல்கோடு வரைக்கும் ஊற்றினாள்.

ஒரு மணி நேரம் கழித்து அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். கம்பியை எடுத்தார். துடைத்தார். மறுபடி எடுத்தார்.

"இந்தாம்மா! இங்க வா, வா! கோட்டைப் பாரு!"

அவள் வந்து பார்த்தாள்.

"ஒரு சொட்டு குறையல. பாத்தியா? ஒரு சொட்டு!" கம்பியைப் பிடித்தபடியே அழுதுவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு வாசலிலேயே நின்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தைப் பார்த்து வருகிறவள் அவள். இரண்டு வருஷமாக அது இப்படி இருந்ததில்லை. சொல்ல வாயெடுத்தவள், அவர் கையிலிருந்த கம்பியை வாங்கித் திரும்பச் செருகிவிட்டாள்.

நாளைக்கு என்பது மூன்று மாதமாயிற்று. அவர் எழுவதற்கு அரை மணி முன்னால் அவள் எழுவாள். அவர் சாமி கும்பிடும்போது அவள் கை கழுவிக்கொண்டிருப்பாள். பை தைத்துக் கிடைப்பதில் ஆயில் வாங்கினாள். காலி டப்பாக்களை வெட்டுத்துணி மூட்டைக்குள் செருகி வைத்தாள்.

புகை என்னவோ வந்துகொண்டேதான் இருந்தது. மெக்கானிக் விடவில்லை.

"ஆயில் குறையலங்கிறீங்க, புகை அடிக்குது. எங்கேயோ இடிக்குதேண்ணே."

"பழைய அழுக்கு தம்பி. எரிஞ்சு வெளிய வருது."

"மூணு மாசமாவா?"

"எத்தன வருஷத்து அழுக்கு! நம்மகிட்ட இருக்கிறது மூணு மாசத்துல போயிடுமா?"

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு போனான். அவள் மெஷினை நிறுத்தாமல் ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊசிக்கு அடியில் துணி இல்லை என்பதைக்கூட அவள் கவனிக்கவில்லை.

அந்த நம்பிக்கையில்தான் கட்டில் பட்டறைக்காரரின் வெளியூர் லோடுக்கு ஒத்துக்கொண்டார். முன்பு எத்தனையோ தடவை கூப்பிட்டும், வண்டி தாங்காது என்று மறுத்த வேலை. ஐந்து நாள் பயணம். வழியெல்லாம் கடை கடையாகக் கட்டில் இறக்க வேண்டும். சரியாகச் செய்தால் மாதாமாதம் அவருக்குத்தான்.

கிளம்புகிற காலையில் அவள் கம்பியைப் பார்த்து, மேல்கோட்டுக்கும் மேலே ஒரு விரற்கடை கூடுதலாக ஊற்றினாள். இரண்டு புது டப்பாக்களைச் சீட்டுக்குப் பின்னால் வைத்தாள். அவர் படுக்கை மடிப்பை வைக்க வந்து அதைப் பார்த்தார்.

"இது எதுக்கு? இதுக்கு இனிமே வேலையே இல்லயே." எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

"இருக்கட்டுங்க. வழியில தினமும் ஒருதடவ கம்பியை எடுத்துப் பாருங்க."

"மூணு மாசமா குறையாதது அஞ்சு நாள்லயா குறையப் போகுது?"

"ஏங்க..."

"சொல்லு."

கட்டில் ஏற்ற வந்த ஆட்கள் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக் கண்ணை மூடினார். உதடு அசைந்தது. நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த நன்றிக்கு நடுவில் போய் எப்படிச் சொல்வது?

"பாத்துப் போங்க" என்றாள்.

முதல் நாள் மத்தியானம் அவள் சொன்னதற்காக ஒருதடவை கம்பியை எடுத்துப் பார்த்திருக்கிறார். மேல்கோட்டில் நின்றது. தனக்குள் சிரித்துக்கொண்டு மூடிவிட்டார். அதற்குப் பிறகு பார்க்கவில்லை. மூன்றாம் நாள் மலைப்பாதை ஏற்றத்தில், பாதி லோடோடு, இன்ஜினில் டொக்கு டொக்கு என்று ஒரு சத்தம் கேட்டது. ஓரம் கட்டலாம் என்று இடம் பார்ப்பதற்குள் ஒரு பெரிய அடி, ஒரு முறிவு, அவ்வளவுதான். வண்டி நின்றுவிட்டது. இறங்கிக் குனிந்து பார்த்தார். இன்ஜின் பக்கவாட்டில் கைமுட்டி நுழையும் அளவு ஓட்டை. கம்பியை உருவினார். நுனியில் கறுப்பாக ஒரு தடம், அதற்குமேல் ஒன்றுமில்லை. ரோட்டில் கொஞ்சமும் கொட்டியிருக்கவில்லை. அடியில் படுத்துக்கூடத் தேடினார்.

மீதிக் கட்டில்களைப் பட்டறைக்காரர் வேறு வண்டி அனுப்பி எடுத்துக்கொண்டார். பிக்கப்பை லாரியில் கட்டி இழுத்து வந்து, பழைய இடத்தில், பழைய அட்டையின் மேலேயே நிறுத்தினார்கள். தெருவில் யாரும் கொசுமருந்து என்று கூப்பிடவில்லை. எதிர்வீட்டுப் பெண் துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு நின்று பார்த்தாள்.

மெக்கானிக் ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டுக் கையைத் துடைத்தான்.

"முடிஞ்சுதுண்ணே. இன்ஜின் கட்டையே உடைஞ்சு போச்சு. இனி இரும்பு விலைக்குத்தான்."

"எப்படித் தம்பி? தினமும் பாத்தேனே. என் கண்ணால பாத்தேனே."

"ரிங்குண்ணே. இது இன்னைக்கு நேத்து தேஞ்சதில்ல. மூணு மாசமும் குடிச்சிட்டுத்தான் இருந்திருக்கு."

"குடிச்சிருந்தா குறைஞ்சிருக்குமே!"

வீட்டுக்குள்ளிருந்து அவள் வெட்டுத்துணி மூட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். வாசலில் அதைக் கவிழ்த்தாள். துணித் துண்டுகளோடு காலி டப்பாக்கள் உருண்டன. ஒன்று அவர் காலடியில் வந்து நின்றது.

மெக்கானிக் பார்த்தான். ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு சத்தம் போடாமல் போய்விட்டான்.

"நான்தாங்க ஊத்தினேன்" என்றாள். "நீங்க அந்தக் கம்பியப் பாத்துட்டு உக்காந்திருக்கிறத என்னால பாக்க முடியலங்க. சொல்லணும் சொல்லணும்னுதான்..."

திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அவர் குனிந்து காலடியில் கிடந்த டப்பாவை எடுத்தார். மூடியைத் திருகி மூடினார். பிறகு ஒன்று கேட்டார்.

"அந்த மொத நாளு... காய்ச்சல் அன்னைக்கு. அன்னைக்கு மட்டும் தானாவே நின்னுச்சா?"

அவர் கண் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஒரே ஒரு பொய் போதும் என்று அவளுக்குப் புரிந்தது. மூன்று மாதம் சொல்லாமல் செய்த பொய்யில் கடைசியாக இந்த ஒன்று.

"இல்லங்க. அன்னைக்கும் நான்தான்."

அவர் தலையை ஆட்டினார். டப்பாவை மெதுவாகத் திண்டின் மேல் வைத்துவிட்டு உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் விடியலில் பழக்கத்தில் அவளுக்கு அரை மணி முன்னாலேயே விழிப்பு வந்துவிட்டது. எழுந்து போய்ச் செய்ய ஒன்றுமில்லை. படுத்தே கிடந்தாள். அவர் எழுந்தார், முகம் கழுவினார். சாமி கும்பிடும் இடத்தைத் தாண்டி நேராக வெளியே போனார். இத்தனை வருஷத்தில் அங்கே நிற்காமல் போனது அன்றைக்குத்தான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பம்பரில் உட்கார்ந்திருந்தார். கையில் கம்பி இல்லை, பனியன் துணியும் இல்லை. அந்த முதுகைப் பார்த்து அவளால் எதையும் தெரிந்துகொள்ள முடியவில்லை. சீட்டுக்குப் பின்னாலிருந்து அவர் எடுத்துக் கொடுத்த இரண்டு டப்பாக்கள் மெஷினுக்கு அடியில் பிரிக்காமல் இருந்தன.