மெடிக்கல் போர்டில நான் வெளிய போகேல்ல

என்ர அப்பா சேவியர், நீங்க உயிரோட இருக்கேக்க உங்கள்ட்ட சொல்லாதத இங்க எல்லாருக்கும் சொல்றன்.

அப்பா நேவில வெல்டரா இருந்தவர். புரொஸ்டேட் கேன்சர் வந்து வேலை செய்ய ஏலாமப் போனதால, பென்ஷன் கேட்டு மெடிக்கல் போர்டுக்குப் போனம். விழுந்திருவாரெண்ட பயத்தில நானும் உள்ள போனன். அப்பா வெளிய நிக்கச் சொல்லியும் போகேல்ல.

“யூரின் அடக்க ஏலுமா, அங்கிள்?” எண்டு டொக்டர் கேட்டார்.

அப்பா என்னைப் பாத்தார். “பிரச்சினை இல்ல சேர். இவதான் பயந்தாங்கொள்ளி.”

டொக்டர் சிரிச்சிட்டு எழுதினார். மூத்திரம் அடக்க ஏலாம அப்பா பம்பர்ஸ் கட்டித்தான் வந்திருந்தார். எனக்குத் தெரியும். எண்டாலும் டொக்டரிட்ட சொல்லேல்ல.

அவர் வேலை செய்யலாமாம், பென்ஷன் இல்லையெண்டு கடிதம் வந்திச்சு. திரும்பக் கேக்க முதலே அப்பா போயிட்டார்.

மகளுக்கு முன்னால சொல்ல அவருக்கு வெக்கம். நான் வெளிய நிண்டிருந்தா சொல்லியிருப்பார். என்ர பிழையெண்டு நினைக்க இப்பவும் பயமா இருக்கு. எல்லாரும் அவருக்காக ஒருக்கா செபியுங்கோ.