வாசலோர ஆணி

போன வாரம் மகள் வந்து எங்கள் சிதம்பரம் வீட்டு அடுப்படியை ஒழுங்குபடுத்தினாள். ஒரே அளவு டப்பாக்கள், ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டு. போனில் யாரோ ஓர் அம்மணி சொல்லும் குறிப்புகளை ஒப்பித்துக்கொண்டே அடுக்கினாள். பெருங்காய டப்பாவைத் திறந்தாள் பாருங்கள், அந்த வாசனையில் நான் கடலூருக்கே போய்விட்டேன். அதற்குள் அவள் வாசல் பக்கம் போய், "இந்த ஆணி எதுக்குப்பா சும்மா துருத்திக்கிட்டு? புடுங்கிடட்டா?" என்றாள். "கை வைக்காத!" என்று கத்திவிட்டேன். ஓர் ஆணிக்கா இந்தக் கத்தல் என்று நீங்களும் கேட்பீர்கள்.

கல்யாணமான புதிதில் கடலூரில் கெடிலம் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தோம். ஓர் அறை, ஓர் அடுப்படி, அதற்கு மேலே பரண். என் மனைவி வசந்தா குறிஞ்சிப்பாடிக்காரி. சீர்ப் பாத்திரமே வீட்டை அடைத்துக்கொண்டிருந்தது. அவளுக்குச் சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலை. திருப்பாப்புலியூரில் காலை பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும். டிபன் பாக்ஸ் தூக்குக்குள் இருக்கும், தூக்கு குண்டானுக்குள் இருக்கும், குண்டான் அண்டாவுக்குள் இருக்கும். அதைத் தேடி எடுப்பதற்குள் ரயில் போய்விடும். நானும் உதவி செய்வேன், அதாவது குறுக்கே நிற்பேன். இன்னொரு நாள் லேட்டானால் வரவே வேண்டாம் என்று தலைமையாசிரியை சொல்லிவிட்டார்.

கீரப்பாளையத்திலிருந்து வந்திருந்த என் அக்காவுக்கு அது வசதியாகிவிட்டது. "வூடு குப்பையாக் கெடக்குது, இதுல வேலை ஒண்ணா? வுட்டுடச் சொல்லுடா." அவள் ஊருக்குப் போன பிறகு வசந்தா, "வுட்டுடட்டுமாங்க?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அந்த ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்றார்கள். எங்கள் தெருவில் அப்படிச் சொன்னால் சாமான் முழுவதும் பரணுக்குப் போகும். வசந்தா எடுத்துக் கொடுக்க, நான் மேலே உட்கார்ந்து அடுக்கினேன். அடுப்பும், இரண்டு பாத்திரமும், டிபன் பாக்ஸும், ஒரு தம்ளரும் கீழே நின்றன. கடைசியில் ஸ்டூல் நனைந்துவிடுமே என்று அதையும் மேலே இழுத்து வைத்துவிட்டுக் குதித்தேன். கால் பிசகிக்கொண்டது. அப்புறம்தான் உறைத்தது, இனி எதில் ஏறுவது? எதிர்வீட்டு மாமாவிடம் கேட்டேன். "எங்க ஸ்டூலும் பரண்லதான் மாப்ள இருக்குது" என்றார். தெருவே அப்படித்தான்.

தண்ணீர் வரவில்லை, ஆனால் மழையும் விடவில்லை. அந்த வாரம் முழுக்கக் கீழே இருந்ததை வைத்தே ஓட்டினோம். பெருங்காயம் இல்லாத ரசம், மேலேயிருந்து வாசனை மட்டும் இறங்கி வரும். வேலைக்கு வேண்டியதையெல்லாம் வசந்தா ஒரு ஒயர் கூடையில் போட்டு வாசலோர ஆணியில் மாட்டினாள். டிபன் பாக்ஸ், சீப்பு, குடை, ரயில் பாஸ். தேட எதுவுமே இல்லை. இருந்த ஒரே தம்ளரில் பாதிக் காபியை நின்றபடி குடிப்பாள், மீதியை என் கையில் கொடுத்துவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு ஓடுவாள். ஒரு நாள்கூட ரயில் தவறவில்லை.

மழை விட்டதும் சாமான் இறக்க அக்கா வந்தாள். எங்கிருந்தோ இரவல் வாங்கிய ஏணியில் நான் ஏறினேன். வசந்தா முதலில் பெருங்காய டப்பாவைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறகு இன்னும் நாலைந்து சாமான். "மத்ததெல்லாம் மேலயே இருக்கட்டும் அண்ணி. அது இல்லாமத்தான் நான் வேலைக்குப் போனேன்." அக்கா என்னைப் பார்த்தாள், நான் பரணைப் பார்த்தேன். வேலையை விடும் பேச்சு அதோடு நின்றது. வீட்டு நிர்வாகத்தில் எனக்குத் தெரிந்த குறிப்பு இது ஒன்றுதான்.

சிதம்பரத்தில் வீடு கட்டியபோதும் வாசலோரம் ஓர் ஆணி அடிக்கச் சொன்னாள். ஓய்வு பெறும்வரை கூடை அதில்தான் தொங்கியது. பாதிக் காபி வழக்கமும் போகவில்லை, தம்ளர்கள் நிறைய வந்துவிட்ட பிறகும்.

என் கத்தலைக் கேட்டு வசந்தா வந்தாள். "புடுங்கிடுடீ. நான் இனிமே எங்க ஓடப் போறேன்?" என்று சிரித்தாள். மகள் பிடுங்கிவிட்டாள்.

மறுநாள் காலை காபி போட்டுக் கொடுத்தேன். சோபாவில் சாய்ந்து, ஆற அமரக் குடித்தாள். அவள் அப்படி உட்கார்ந்து குடிப்பதைப் பார்க்க எனக்குச் சந்தோஷம்தான். பழக்கதோஷத்தில் கையை நீட்டினேன். தம்ளரில் ஒரு சொட்டு மிச்சமில்லை.