இரண்டு சைக்கிள் பல்புகள்

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் இருந்தது ஆறு பேர். அப்பா, அம்மா, அக்கா, நான், காலை எட்டு மணிக்கே சரவணையிலிருந்து சைக்கிளில் வந்துவிட்ட மாமி, பின்னேரம் நாலு மணிக்கு வந்த மாமா. மாமி அப்பாவின் தமக்கை. மாமா அம்மாவின் தம்பி. சுவிசிலிருந்து ஒரு மாத லீவில் வந்து நின்றவர். அயலட்டையில் ஒருவரும் வரவில்லை. இதை ஏன் இவ்வளவு திட்டமாகச் சொல்கிறேன் என்றால், அன்று நான் சொன்ன ஒரு சொல் யார் யார் காதில் விழுந்தது என்று நான் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். எண்ணுவது என் சுபாவம். காஸ் அடுப்பை மூன்று தரம் தொட்டுப் பார்க்காமல் இன்றைக்கும் படுக்கப் போகமாட்டேன்.

சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம். எனக்குப் பத்து வயது. யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்துத் தீவில், மண்கும்பான் என்ற ஊரில், எங்கள் ஒழுங்கைக்குக் கரண்ட் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. மாமா கொண்டுவந்த பெட்டிக்குள் சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் நடுவே ஒரு கம்பியூட்டர் இருந்தது. படங்களில் பார்த்த மாதிரி இல்லை. தடித்த தட்டச்சுப் பலகை ஒன்று, அவ்வளவுதான். மூளை முழுக்க அதற்குள்ளேயே. ரி.வி.யில் கொழுவினால் நீலத் திரை வரும், ஒரு சின்னச் சதுரம் விட்டு விட்டு மின்னும். சுவிசில் மாமா வேலை செய்த வீட்டுக்காரர் வேண்டாமென்று கொடுத்த பழைய சாமான் அது. எங்களுக்கோ தீவிலேயே முதல் கம்பியூட்டர் எங்களுடையதுதான் என்ற நினைப்பு. அக்கா அதில் தட்டச்சுப் பழகத் தொடங்கினாள். பழகினால் யாழ்ப்பாண ரவுணில் வேலை எடுக்கலாம் என்று ஆரோ சொல்லியிருந்தார்கள்.

அதனோடு செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டியும் வந்தது. வீட்டுக் கரண்டைக் குறைத்துக் கம்பியூட்டருக்குக் கொடுப்பது அதுதான்.

எங்கள் பக்கத்தில் உப்புக் காற்று. மூடாமல் வைத்த எதுவும் கறள் பிடிக்காமல் தப்பாது. றேடியோவுக்குச் சட்டை, மணிக்கூட்டுக்குச் சட்டை, தையல் மெசினுக்குச் சட்டை என்று எல்லாவற்றுக்கும் அம்மா தைத்துப் போட்டிருந்தா. கம்பியூட்டருக்கு மஞ்சள் பூப்போட்ட சட்டை. மிச்சத் துணியில் அந்தக் கறுப்புப் பெட்டிக்கும் ஒன்று, சுற்றிவரச் சுருக்கு வைத்து. அதைப் பார்த்த எனக்கு, துணிக்குள்ளால் காற்று போகுமே என்று கவலை வந்துவிட்டது. ஒருவருக்கும் சொல்லாமல் சட்டைக்குள்ளே இரண்டு சொப்பிங் பையால் பெட்டியை இறுக்கிக் கட்டினேன். மூன்றாம் நாள் அக்கா தட்டிக்கொண்டிருக்கையில் திரை இருண்டது. சட்டை சுட்டது. ஒரு மணம் வந்தது.

மாமா கேள்விப்பட்டு வந்து வாசலிலேயே நின்று சிரித்தார்.

"சட்டையோ போட்டனியள்? குளிருதெண்டு ஒரு கம்பளியும் போர்த்திருக்கலாமே அக்கா!"

அம்மா சிரிக்கவில்லை. மாமா போகும்போது சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வாறன். வேலை செய்தால் உங்கட. செய்யாட்டில் நான் அதைப் புங்குடுதீவில அவளின்ர ஆக்களுக்குக் குடுக்கப் போறன். அவை வச்சிருக்கத் தெரிஞ்ச ஆக்கள்."

அவள் என்றது மாமாவின் மனைவியை. அம்மாவுக்குச் சுட்டது அந்த 'தெரிஞ்ச ஆக்கள்'தான். எனக்குச் சுட்டது வேறு. உள்ளே பை கட்டியது நான் என்று ஒருவருக்கும் தெரியாது.

அப்பா மாமிக்குச் சொல்லி அனுப்பினார். மாமி யாழ்ப்பாணத்தில் ஒரு றேடியோ திருத்தும் கடையில் வேலை செய்தா. கரண்ட் இல்லாத வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைச் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட காலத்தில் பழகிய வேலை. முப்பத்தெட்டு வயது, கலியாணம் கட்டவில்லை, நடையில் ஒரு வேகம். வியாழக்கிழமை வேலை முடிந்து நேரே வந்து, கறுப்புப் பெட்டியின் சட்டையைக் கழற்றினா. உள்ளே பொலித்தீன் உருகிப் பெட்டியோடு ஒட்டிப்போயிருந்தது.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது எனக்குப் பொறுக்கவில்லை.

"அது நான்," என்றேன்.

"ஏன் கட்டினனி?" என்று மாமி கேட்டா.

"கறள் பிடிச்சிடும் எண்டு."

மாமி என்னைத் திட்டவில்லை. திருப்புளியால் பெட்டியைத் திறந்தா. உள்ளே தார் மாதிரி எதையோ ஊற்றி இறுக்கி வைத்திருந்தார்கள். ஒரு கம்பிகூட வெளியே தெரியவில்லை.

"கல்லறை மாதிரிக் கட்டி வச்சிருக்கிறாங்கள். இதைத் திருத்த ஏலாது. புதுசு செய்வம்."

"செய்ய ஏலுமே அக்கா?" என்று அப்பா இழுத்தார்.

"ஏன் ஏலாது? ஒரு வயரில அஞ்சு வோல்ற், நேர்க் கரண்ட். மற்றதில ஒன்பது வோல்ற், ஆடுற கரண்ட். இதென்ன பெரிய வித்தையே?"

அந்த 'யே'யை மாமி நீட்டிய விதத்தில் எனக்குப் பாதிப் பயம் போனது. மற்றப் பாதி ஞாயிற்றுக்கிழமை காலையில் திரும்பி வந்தது. சனிக்கிழமை ரவுணிலிருந்து சாமான்களோடு வந்த மாமியைப் பண்ணைச் சோதனைச் சாவடியில் ஆமிக்காரர் மறித்திருக்கிறார்கள். ரான்ஸ்போமரை விட்டுவிட்டார்கள். வோல்ற் அளக்கிற மீற்றரை மட்டும், ஊசி ஆடுவதைப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை வந்து எடு என்று வைத்துக்கொண்டார்கள்.

"அப்ப எப்பிடி அளக்கிறது?" அக்கா கேட்டாள்.

"கண்ணால," என்றா மாமி.

வேலை விறாந்தையில் நடந்தது. பழைய கசெற் றேடியோ ஒன்றிலிருந்து கழற்றிய ரான்ஸ்போமர், ஆடுகிற கரண்டை நேராக்க நாலு சின்னக் கறுப்பு மணிகள், மூன்று கால் உள்ள ஒரு சில்லு. எவ்வளவு கரண்ட் வந்தாலும் ஐந்துக்கு மேல் போகவிடாமல் பிடித்து வைப்பது அந்தச் சில்லுதானாம். அது சுடும் என்பதால் அதன் முதுகில் ஒரு அலுமினியத் தகட்டை முடுக்கினா. எல்லாவற்றையும் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் இறக்கி, ரின் முழுக்க ஆணியால் ஓட்டை போட்டா. செத்த பெட்டியின் வயரை மட்டும் வெட்டி எடுத்துப் புதிய பெட்டிக்கு ஈயம் வைத்து ஒட்டினா. அதன் நுனியிலிருந்த வட்டப் பிளக் யாழ்ப்பாணம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. கம்பியூட்டரைத் திறக்கவில்லை. அது ஒரு பிழையும் செய்யவில்லை என்றா. ஆனால் ஐந்துக்குப் பதில் ஒன்பதோ பத்தோ போனால் ஒரு கண் சிமிட்டலில் அதன் மூளை வெந்துவிடும் என்றும் சொன்னா. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம்.

பிறகு அப்பாவின் சைக்கிள் லைற்றிலிருந்து ஒரு பல்ப், மாமியின் சைக்கிளிலிருந்து ஒரு பல்ப். இரண்டும் ஒரே இனம். மூன்று புது ரோர்ச் பற்றரியை வரிசையாகக் கட்டி ஒன்றை எரிய வைத்தா. மற்றதைப் பிஸ்கற் ரின்னின் ஐந்து வோல்ற் வயரில் கொழுவினா.

"பற்றரி மூண்டும் நாலரை. இது அஞ்சு. அப்ப இது அதைவிட ஒரு சொட்டு வெளிச்சமா எரியோணும். ஒரு சொட்டுத்தான். டைனமோ சுத்தினனாங்கள், வெளிச்சத்தைப் பார்த்தே வோல்ற் சொல்லுவம்."

சுவிச்சில் யார் நிற்பது என்று அப்பா கேட்டார்.

"அவள் நிக்கட்டும்," என்று என்னைக் காட்டினா மாமி. "பயந்தவள்தான் சுவிச்சில நிக்கோணும். துணிஞ்சவன் யோசிச்சுக்கொண்டு நிப்பான்."

போட்டேன். பற்றரிப் பல்ப் மஞ்சளாக எரிந்துகொண்டிருக்க, மற்றது பளீரென்று வெள்ளையாக வெடிக்கிற மாதிரி எரிந்தது. மாமி வாய் திறக்க முன்னமே நான் நிற்பாட்டிவிட்டேன்.

அம்மா கடவுளை மெல்லக் கூப்பிட்டது கேட்டது. மாமி ரின்னுக்குள் குனிந்து சில்லின் நடுக்காலை நகத்தால் தட்டினா. கால் ஆடியது.

"ஈயம் பிடிக்கேல்லை. நடுக்கால் நிலத்தில நிக்காட்டி இந்தக் குரங்கு வந்ததை எல்லாம் அப்பிடியே விட்டிடும்." அந்தக் காலைச் சுரண்டி மறுபடி ஈயம் வைத்தா. "போடு பிள்ளை."

இரண்டு பல்பும் மஞ்சள். ரின்னில் கொழுவியது மட்டும் ஒரு சொட்டுக் கூட வெளிச்சம். மாமி அரை மணித்தியாலம் எரியவிட்டு, தகட்டைத் தொட்டுப் பார்த்து, அதன் பிறகே வட்டப் பிளக்கைக் கம்பியூட்டரில் செருகினா. நான் மூன்று வரைக்கும் எண்ணிவிட்டுப் போட்டேன். ரி.வி.யில் நீலம் வந்தது. சதுரம் மின்னியது. அக்கா தன் பெயரைத் தட்டினாள். அம்மா உடனே மஞ்சள் பூச் சட்டையைக் கையில் எடுத்தா.

"மச்சாள்! அதை ரின்னுக்குப் போட்டால் உங்களோட கதைக்க மாட்டன்," என்றா மாமி. "அது மூச்சு விடோணும்."

நாலு மணிக்கு மாமா வந்தார். நீலத் திரையைப் பார்த்தார், பிஸ்கற் ரின்னைப் பார்த்தார், உண்மையாகவே மகிழ்ந்து போனார்.

"மச்சாள், சுவிசில இதைக் கொண்டுபோய்க் குடுத்தால் திருத்தித் தர மாட்டாங்கள், தெரியுமே? எறி எண்டுதான் சொல்லுவாங்கள். எவ்வளவு முடிஞ்சது? நான் தாறன். இது என்ர சாமான்தானே."

மாமி கொப்பி ஒற்றையில் எழுதி வைத்திருந்தா. ரான்ஸ்போமர், மணிகள், சில்லு, ஈயம். அறுநூற்று நாற்பது ரூபா. மாமா ஆயிரம் ரூபாத் தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"மிச்சத்தை வச்சிருங்கோ."

மாமி கைப்பையைத் திறந்து நூறு நூறாக மூன்று, ஐம்பது ஒன்று, பத்து ஒன்று என்று எடுத்து, ரி.வி.க்கு மேலே ஒவ்வொன்றாக வைத்தா.

"ஆரின்ர காசும் என்னட்டை நிக்கக்கூடாது தம்பி. எனக்கு நித்திரை வராது."

மாமா அந்தக் காசை எடுக்கவில்லை. அப்பா விறாந்தைத் தூணில் சாய்ந்தபடி முற்றத்தைப் பார்த்தார். ஏதோ பிழையாகிவிட்டது என்று எனக்குப் பட்டது. கணக்கில்தான் பிழை என்று நினைத்தேன். ஓடிப்போய்த் தாள்களை எண்ணினேன். கொப்பி ஒற்றையையும் கூட்டிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது. எல்லாருக்கும் கேட்கட்டும் என்று உரத்துச் சொன்னேன்:

"கணக்குச் சரி! இனி ஒருத்தரும் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கத் தேவையில்லை. என்ன மாமா?"

மாமா என் தலையைத் தடவினார். அம்மா தேத்தண்ணி போடுகிறேன் என்று குசினிக்குள் போய், வெகுநேரம் வரவில்லை. மாமி மட்டும் சைக்கிளை எடுக்கும்போது என்னைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தா. நான் கெட்டிக்காரத்தனமாய் ஏதோ சொல்லிவிட்டேன் என்று அன்று முழுக்கப் பெருமையாகத் திரிந்தேன்.

ஒன்பதாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டு, பிறகு எனக்குக் கலியாணம் பேசிய நாளில்தான் அம்மா சொன்னா. மாமா வெளிநாடு போக ஏஜென்சிக்குக் கட்டியது மாமியின் சீதனக் காசு. சரவணையில் மாமியின் பங்குக் காணியை விற்று எடுத்தது. போய் ஆறு மாதத்தில் அனுப்புகிறேன் என்று மாமா எங்கள் விறாந்தையில் நின்று சொல்லியிருக்கிறார். ஒரு லட்சத்து எண்பதாயிரம் ரூபா. அது இன்னும் வரவில்லை.