நூல்காரரின் முட்டி

டைல்ஸ் பதிக்கிறவர்களுக்குள் அவருக்கு நூல்காரர் என்று பெயர். நூல் பிடிக்காமல் ஒரு கல்லைக்கூட வைக்க மாட்டார். மற்றவர்கள் கண்ணாலேயே அளந்து ஒரு அறையை முடித்துவிட்டுப் போகிற நேரத்தில், இவர் ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை ஒரே கல்லைத் தட்டித் தட்டிக் கொஞ்சிக்கொண்டிருப்பார். தன்னை ஒரு நாளும் அப்படிக் கொஞ்சியதில்லை என்று அவர் மனைவிக்குக் குறை. அதைச் சொல்லும்போதும் அவள் முகத்தில் பெருமைதான் வழியும்.

அவளுக்கும் அதே பிழைப்புதான். இன்று அவர் கல் பதித்தால், நாளை அவள் வாளியோடு வந்து இடுக்குகளில் வெள்ளைச் சிமெண்ட் அடைத்துத் துடைப்பாள். ஈரத் தளத்தில் மட்டும் யாரும் கால் வைக்கக் கூடாது. அது அவர் போட்ட சட்டம். வீட்டுச் சொந்தக்காரர்களே திட்டு வாங்கியிருக்கிறார்கள். ஒருமுறை ஒரு பூனை குறுக்கே நடந்துவிட்டது. மனிதர் இரண்டு நாள் பேசவில்லை. பூனையோடு இல்லை, கதவைத் திறந்து வைத்த மனைவியோடு.

இப்படிப்பட்டவருக்குத்தான் முட்டியில் வந்தது வினை. குந்தி உட்கார்ந்தபடியே டைல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சட்டென்று திரும்பியிருக்கிறார். வலது முட்டிக்குள் டக்கென்று ஒரு சத்தம். மறுநாள் காலையில் முட்டி பூசணிக்காய் மாதிரி உப்பியிருந்தது.

இந்தத் தொழிலில் முட்டி வீங்காத ஆள் கிடையாது. நாள் முழுக்க மண்டியிட்டால் முட்டிச் சில்லுக்கு மேலே நீர் கோத்து முட்டை மாதிரி புடைக்கும். ஐஸ் வைத்து, நாலு நாள் மண்டி போடாமல் இருந்தால் தானாக வற்றிவிடும். அதனால் எந்த முட்டி வலி வந்தாலும் இவர்களுக்கு ஒரே பெயர்தான், மண்டி வீக்கம். நூல்காரரும் அதையே சொன்னார். தைலம் தேய்த்தார், துணியைச் சுற்றினார், மருந்துக்கடையில் மாத்திரை வாங்கி விழுங்கினார்.

மனைவிக்கு மனசு ஒப்பவில்லை. இந்த வீக்கம் சில்லுக்கு மேலே இல்லை, முட்டியைச் சுற்றி இருந்தது. படியிறங்கும்போது அவர் கால் திடீரென்று நழுவியது. சில நாள் காலையில் மடக்கிய கால் நீளாமல், ஏதோ உள்ளே சிக்கிக்கொண்டது போல நின்று, ஆட்டி ஆட்டி விட்ட பிறகுதான் விடுபட்டது. இதற்கு நடுவே, இடுக்கு அடைக்கப் போன இடத்தில் அவர் போட்ட கோடு ஒரு பக்கமாக அகன்று போயிருப்பதையும் கண்டாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் கோடு கோணி அவள் பார்த்ததில்லை. வலது காலை ஊன்றாமல் வேலை செய்வதால்தான் இது என்று சொன்னபோது, மொட்டைத்தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்றார். முடிச்சு முழங்காலில்தான் என்று அவளும் விடவில்லை. ஆனாலும் அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

டாக்டரிடம் போக ஏன் இவ்வளவு அடம் என்று அவளுக்குத் தெரியும். இனிமேல் மண்டி போடாதே என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால்? மண்டி போடாத நூல்காரர் யார்? அந்தப் பயம் அவர் வாயிலிருந்து வரவில்லை. அவளுக்கும் அதே பயம் இருந்ததால் அவளும் கேட்கவில்லை.

எப்போதும் உள்சுவரில் ஆரம்பித்து, பின்னாலேயே நகர்ந்து வாசலில் முடிப்பார். ஒரு புது வீட்டுக் கூடத்தில் அன்று தலைகீழாகச் செய்தார். பின்னால் நகர வலது முட்டி ஒத்துழைக்கவில்லை. அதனால் வாசலில் ஆரம்பித்துப் பக்கவாட்டில் நகர்ந்தே ஜன்னல் பக்கம் போய், கடைசியில் தாழ்வான ஜன்னல் வழியாக இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டார். ஜன்னலடியில் கடைசி வரிசை மட்டும் மிச்சமிருக்க, கல் எடுக்க எழுந்தபோது முட்டி பூட்டிக்கொண்டது. பாதி மடங்கிய கால் மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. அந்தக் காலோடு ஜன்னலைத் தாண்டவும் வழியில்லை.

குளியலறையில் இடுக்கு அடைத்துக்கொண்டிருந்த மனைவி முனகல் கேட்டு ஓடிவந்து வாசலில் நின்றாள். நடுவே முழுக்க ஈரத் தளம். சுவரோரமாகச் சரிந்து உட்கார்ந்திருந்தவர் முகம் வேர்த்து வெளுத்திருந்தது.

"உள்ள வராத. கல்லு அமுங்கிடும்," என்றார்.

அவள் ஒரு கணம்தான் நின்றாள். பிறகு புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நேராக நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் ஒரு கல் அமுங்கி மூலை தூக்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்தில் வந்தவளிடம், முட்டியில் ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கு, நேராகிவிடும் என்றார்.

"அமுக்குறதுக்கு இது என்ன டைல்ஸா?" என்று கேட்டுவிட்டு, தோளைக் கொடுத்து எழுப்பி, வந்த வழியே அவரைத் தாங்கி நடத்திக் கூட்டிவந்தாள்.

எலும்பு மூட்டு டாக்டர், சத்தம் கேட்டதா, கால் நழுவுகிறதா, பூட்டிக்கொள்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இவர் 'லேசா' என்றார். மனைவி உள்ளதைச் சொன்னாள். ஸ்கேனில் உள்ளே ஜவ்வு கிழிந்து மடிந்து எலும்புக்கு நடுவே மாட்டியிருந்தது தெரிந்தது. மண்டி வீக்கம் என்றால் ஓய்வே போதும். ஆனால் மூட்டு பூட்டிக்கொண்டாலோ, நழுவினாலோ, காலை ஊன்றவே முடியாவிட்டாலோ, காய்ச்சலோடு சிவந்து சுட்டாலோ வீட்டில் வைத்துக்கொண்டு நாள் கடத்தக் கூடாது என்றார் டாக்டர். முதல் தடவை பூட்டியபோதே வந்திருந்தால் ஒருவேளை தைத்திருக்கலாமாம். இப்போது சின்னத் துளை போட்டு, கிழிந்ததை நறுக்கி எடுக்கத்தான் வழி. வேலைக்குப் போகலாம், ஆனால் நாள் முழுக்க மண்டி போட முடியாது. நூல்காரர் தன் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி டாக்டர் முன்னாலேயே அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபரேஷன் முடிந்து, சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை முணுமுணுத்துக்கொண்டே செய்து, கால் தேறிய பிறகு அதே கூடத்துக்குத்தான் முதலில் போனார்கள். சொந்தக்காரர் நல்ல மனுஷர், காத்திருந்தார். அமுங்கி இறுகிப்போன கற்களைப் பெயர்த்து எடுக்க வேண்டும். திட்டு விழும் என்று மனைவி காத்திருந்தாள். அவர் சக்கரம் வைத்த பலகையில் உட்கார்ந்து, நறுக்கென்று ஒரு வார்த்தையும் பேசாமல், அவள் கால் பட்ட கற்களை ஒவ்வொன்றாக எடுத்து நூல் பிடித்துத் திரும்பப் பதித்தார். இந்தத் தடவை உள்சுவரில் ஆரம்பித்து வாசலில் முடித்தார்.

கடைசிக் கல்லைத் தட்டி முடித்ததும் அவள் வழக்கம்போல விலகி நின்றாள். எழும்போது தொட வந்தால் தள்ளிவிடுகிற மனிதர். அன்றைக்கு அவரே கையை நீட்டினார்.

"கை குடு. தனியா எந்திரிக்க முடியல," என்றார்.