சத்தார் பாயின் காக்கி

சரக், சரக். கான்ஸ்டபிள் ஜெகநாதன் வருவதற்கு முன்னே அவருடைய நிஜார் வந்துவிடும். சலவைக்குப் போட்டால் கெடுத்துவிடுவார்கள் என்று தாமே சோற்றுக் கஞ்சி போட்டு, தரையில் வைத்தால் தனியே நிற்கும் பதத்துக்கு இஸ்திரி போடுகிறவர் அவர். அந்தச் சத்தம் கேட்டதும் மலையடிவாரத்தில் தேங்காய்க் கடைக்காரன் தெருவுக்கு நீட்டியிருந்த பலகையை உள்ளே இழுப்பான். சீட்டாடுகிறவர்கள் எழுந்து நின்று வானத்தைப் பார்ப்பார்கள். இதெல்லாம் ஒரு காலத்தில் அவருக்கு இனித்தது. இப்போது கசக்கிறது. காரணம், தபால்காரர் சத்தார் பாய்.

பாய் போடுவதும் காக்கிதான். வெயிலில் வெளுத்து, முழங்கையில் ஒட்டுப்போட்ட காக்கி. கஞ்சியைக் கண்ணால்கூடப் பார்த்திராது. ஆனால் அவருடைய சைக்கிள் மணி அடித்தால் போதும், நெசவுத் தெருவில் தறிகள் நின்றுவிடும். பர்மாச் சண்டைக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் கௌரியம்மாள் மோர்ச் செம்போடு வாசலுக்கு ஓடி வருவாள். "இன்னிக்குக் கடுதாசி இல்லீங்கம்மா" என்றாலும் மோர் உண்டு.

ஜெகநாதனுக்கு அந்த மோர்மேல் ஒரு கண். மோரா பெரிசு? மோர் கொடுக்கும்போது அவள் முகம் மலருகிறதே, அது வேண்டும். ஒருநாள் பங்குனி வெயிலில் அவர் தெருமுனை திரும்ப, தூரத்துக் காக்கியைப் பார்த்துவிட்டுக் கௌரியம்மாள் செம்பும் கையுமாகப் பாதித் தெரு வந்துவிட்டாள். கிட்டே வந்ததும்தான் சிவப்புத் தலைப்பாகை தெரிந்தது.

"ஏட்டய்யாவா? எங்க ஊட்ல ஒண்ணும் தப்பு நடக்கலீங்க" என்று செம்பை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிவிட்டாள். அடக் கடவுளே, மோரைப் பறிமுதல் செய்யவா வந்தார் மனுஷர்!

"நானும் காக்கி, அவனும் காக்கி. அவன் மட்டும் இன்னா, வானத்துலேர்ந்து குதிச்சானா?" என்று வீட்டுக்கு வந்து பொருமினார். மனைவி சந்திரா காதில் வாங்கவில்லை. நாலு வயது அம்முவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். குழந்தை வாயை இறுக மூடிக்கொள்ளவே, ஊரில் எல்லாத் தாய்மாரும் சொல்வதைப் பழக்க தோஷத்தில் அவளும் சொன்னாள்: "துன்னுடி! இல்லாங்காட்டி போலீசுக்காரன் வந்து புடிச்சுக்கினு போயிடுவான்."

அம்மு நிமிர்ந்து, எதிரே தலைப்பாகையைக் கழற்றாமல் நின்றிருந்த தகப்பனைப் பார்த்தாள். அவசர அவசரமாக விழுங்கினாள். பிறகு தாயின் காதருகில், "தபால் மாமா எப்போ வருவாரு?" என்று கேட்டாள்.

பெற்றவன் இங்கே கல்லாக நிற்கிறான், மகளுக்குத் தபால் மாமா கேட்கிறதா?

மறுநாள் பொழுது சாய்ந்த பிறகு, பொதட்டூர்பேட்டைச் சாலையில் வந்துகொண்டிருந்த சத்தாரை லத்தியை நீட்டி மறித்தார்.

"இன்னா பாய், வெளக்கு எங்கே?"

"கிஷ்ணாயில் கெடைக்கலீங்க. சண்டைக் காலம். உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். எறங்கு."

விளக்கில்லாத சைக்கிளைப் பிடிப்பது சட்டப்படி நியாயம்தான். ஊரில் பாதி சைக்கிள் இருட்டில்தான் ஓடுகிறது என்பது அவருக்கும் தெரியும். சத்தார் மல்லுக்கு நிற்கவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "அப்போ நாளைக்கு நடந்தே போறேங்க" என்று சலாம் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூட ஜெகநாதனுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

போலீஸ்காரர்கள் குடியிருக்கும் லயன் வீடுகளைத் தாண்டித்தான் ஸ்டேஷன். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகையில் பள்ளத்தில் சக்கரம் குதித்து, அவருடைய கட்டைவிரல் மணியில் பட்டது. கிணிங்! இந்த நேரத்தில் தபாலா என்று வரிசையாகக் கதவுகள் திறந்தன. வெளியே வந்த முகங்களில் அப்படி ஒரு சிரிப்பு. இவரைக் கண்டதும் சிரிப்பு போயிற்று, கதவுகளும் சாத்திக்கொண்டன. கடைசி வீடு அவருடையது.

"தபால் மாமா!" என்று உள்ளேயிருந்து கொலுசுச் சத்தம் ஓடி வந்தது.

ஜெகநாதன் நின்றார். தலைப்பாகையைக் கழற்றி, கஞ்சி போட்ட சட்டை கசங்கக் கசங்க உள்ளே திணித்துக்கொண்டார். கதவு திறப்பதற்குள் இன்னொரு தடவை மணியை அடித்தார்.