பீடத்தை விட்டு இறங்காத ஜாடி

சூளைக்குக் களிமண் ஏற்றிவந்த லாரி டிரைவர்தான் சொன்னார். "எஸ்தர் அக்கா தவறிட்டாங்களாம்பா. சேத்தியாத்தோப்புல, மக வூட்டுல." முக்கிக்கொண்டிருந்த குவளையைக் கிளேஸ் பூச்சுத் தொட்டியிலேயே விட்டுவிட்டேன். பல வருடம் அவருக்குப் பக்கத்தில் நின்று பீங்கான் முக்கியவன் நான். எனக்கு அழுகையைவிட, ஒரு காலத்தில் அவரை அவமானப்படுத்தியவர்கள்மேல் கோபம்தான் முதலில் வந்தது.

அவரை அறிந்தவர்களுக்கு அந்த அறுப்பின் பண்டிகை நினைவிருக்கும். விருத்தாசலத்தில் எங்கள் சிறிய சபையில், விவசாயக் குடும்பங்கள் நெல்லும் பூசணியும் பீடத்தின் முன் படைப்பார்கள். சூளையில் வேலை செய்கிற எங்களுக்கு ஏது வயல்? "நம்ம கை செஞ்சதைக் கொண்டுபோவோம்" என்றார் அக்கா. நல்ல உருப்படியெல்லாம் கம்பெனிக்கு. கீறல் விழுந்ததுதான் எங்களுக்குக் கிடைக்கும். அப்படி வந்த ஊறுகாய் ஜாடி ஒன்றில் சாமந்திப் பூவை நிரப்பி, நெல் மூட்டைக்குப் பக்கத்தில் வைத்தார்.

சபைச் செயலாளர் அதைத் தூக்கி வராந்தாவில் வைத்துவிட்டார். "பரிசுத்த ஸ்தலம்மா இது. பழுதில்லாததைத்தான் படைக்கணும்னு வேதத்துலயே இருக்குது" என்றார். சூளைக்காரர்கள் நாங்கள் தலை குனிந்தோம். ஜாடிக்கு உள்ளே இடமில்லை என்றால் எங்களுக்கும் இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. சிலர் எழுந்து கிளம்பவே பார்த்தார்கள்.

அக்கா விடவில்லை. "முடியாதுங்க ஐயா. அது பலி ஆட்டுக்குச் சொன்னது, ஜாடிக்கு எங்க சொல்லியிருக்குது? பழுதில்லாததுதான் உள்ள வரணும்னா நாம யாரும் வரக்கூடாது. நீங்களும்தான்." வராந்தாவிலிருந்து ஜாடியை எடுத்துவந்து பழைய இடத்திலேயே வைத்தார்.

அன்று வேதம் வாசிக்க வேண்டியவரும் அவரே. கடவுளின் தூய்மையைத் திரும்பத் திரும்பப் போற்றும் பழைய எபிரேயத் துதிப்பாடலை வாசித்தார். பாதியில் நிறுத்தி எங்களைப் பார்த்தார். "பரிசுத்தர்னு பாடுற அதே வாயால நியாயத்தையும் பாடியிருக்காங்க. பூமியே அவர் முன்னால நடுங்குதாம். அந்த பூமியில நம்ம களிமண்ணு சேராதா?" படித்து முடித்ததும் ஜாடியின் பக்கத்தில் முழங்காலிட்டு, நெற்றி தரையில் படப் பணிந்தார். போதகர் ஜெபத்தைத் தொடங்கினார். ஜாடியை அப்புறம் யாரும் தொடவில்லை.

இதை வைத்து அவரைக் கடவுள் பயம் இல்லாதவர் என்று பேசியவர்களும் உண்டு. அவரைப் போல் பயந்தவரை நான் பார்த்ததில்லை. டீ குடிக்கும்போது ஒருமுறை சொன்னார்: "பரிசுத்தம்னா கிட்டப் போகப் பயப்படுறது இல்ல தம்பி. அவரு பாக்குறப்ப அநியாயம் பண்ணப் பயப்படுறது."

எங்கள் சபையில் நடந்த அடக்க ஆராதனைக்கு அக்காவின் மகள், அம்மா பத்திரமாக வைத்திருந்த அதே ஜாடியைக் கொண்டுவந்தார். நான் சாமந்தியை நிரப்பிப் பீடத்தின் முன் வைத்தேன். இப்போதைய செயலாளர் குனிந்து என் காதில், "கீறல் ஜாடியாச்சே, வாசல்ல வச்சிடலாமே" என்றார்.

"முடியாதுங்க" என்றேன். என் குரல் அவ்வளவு உரக்க வரும் என்று எனக்கே தெரியாது. சவப்பெட்டியைச் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்த ஒரு சொல்தான். ஜாடி இன்றும் பீடத்தின் முன்னால்தான் இருக்கிறது. அதை எடுக்க நினைப்பவர்கள் வரட்டும். முன்வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.