கரையிலிருந்து வந்த கல்

போன மாதம் தம்பி ஒரு வெள்ளை டப்பா வாங்கி வந்தான். தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போட்டால் பனிபோலப் புகை கக்குகிறது. தறிக்குப் பக்கத்தில் வைத்தால் காற்றில் ஈரம் நிற்குமாம், பட்டு இழை அறாதாம். சுவிட்சைப் போட்ட கொஞ்ச நேரத்தில் நனைந்த கருங்கல் வாசனை வந்தது. எனக்கு எங்கள் ஏரி ஞாபகம் வந்துவிட்டது.

ஆரணிக்குப் பக்கத்தில் சேவூரில் எங்கள் தெருவுக்குப் பின்னால் ஏரி இருந்தது. தொண்ணூறுகளில் சித்திரை வெயிலில்கூட அதன்மேல் தவழ்ந்து வரும் காற்று எங்கள் ஜன்னலில் நுழைந்து நேரே தறியைத் தொடும். காய்ந்த காற்றென்றால் இழை பட்பட்டென்று அறும். முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தால் சேலை எப்போது முடிவது? எங்கள் நைனா, அதாவது அப்பா, அந்தக் காற்றைப் பட்டா போட்டு வாங்கியவர் மாதிரி பேசுவார். "நம்ம ஜன்னல் காத்து ஆரணியில எவனுக்கும் கெடையாது" என்பார்.

அலை மண்ணை அரித்துவிடாமலிருக்க ஏரிக்கரையின் உள்சரிவில் கருங்கல் பதித்திருந்தார்கள். எங்களுக்கோ அது இலவசக் கல் கடை. விடிகாலையில் தெருவில் பாவு, அதாவது சேலையின் நீள இழைகளை, நீட்டுவோமே, அதைத் தாங்கும் மரக்கால்கள் சாயாமலிருக்கக் கனமான கல்லை முட்டுக் கொடுக்க வேண்டும். நைனா ஒரு கல்லைச் சைக்கிள் கேரியரில் கட்டிக் கொண்டுவந்தார். எதிர்வீட்டு மாமா பார்த்துவிட்டார்.

"இன்னா மச்சான், கரைய பேத்துகினு வர்றியா?"

"ஒரு கல்லுதான மச்சான். ஏரி இன்னா ஓடியா பூடும்?"

மறுநாள் மாமா வீட்டு வாசலிலும் ஒரு கல். எங்களுடையதைவிடப் பெரிசு, மானப் பிரச்சினை. பிறகு துணி துவைக்க ஒன்று, கோழிக் கூடையை மூட ஒன்று என்று தெருவே போய் வந்தது. பிள்ளையாருக்கு மேடை கட்ட ஒரு வண்டி நிறைய வந்தது. சாமி காரியம், யார் கேட்பது?

இரண்டாயிரத்துக்குப் பிறகு ஒரு ஐப்பசி மழையில் கரை உடைந்தது. ஏரி ஒரே பகலில் வயலில் இறங்கி ஓடிவிட்டது. தெரு கூடி சர்க்காரைத் திட்டியது. பார்வையிட வந்த இன்ஜினீயர் உட்கார, நைனா தான் கொண்டுவந்த அந்தக் கல்லையே துண்டால் துடைத்துக் காட்டினார். அவர் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, "கரையில இருந்த கல்லெல்லாம் எங்கங்க?" என்றார்.

"அதான் சார், எங்களுக்கும் பேஜாரா கீது" என்றார் மாமா. முகத்தில் ஒரு சிரிப்பில்லை.

எடுத்தவர்கள் திருப்பிப் போட்டால் கரையைச் சீக்கிரம் அடைத்துவிடலாம் என்று இன்ஜினீயர் சொல்லிவிட்டுப் போனார். மாமா முதலில் போடட்டும் என்று நைனா இருந்தார். நைனா போடட்டும் என்று மாமா. உடைப்பை வெறும் மண்ணால் மூடினார்கள், அடுத்த மழை அதையும் கொண்டுபோனது. காய்ந்த ஏரியில் மனைக்கல் நட்டார்கள். அதற்கு மட்டும் எங்கிருந்தோ கல் வந்துவிட்டது. இடத்துக்கு 'ஏரிக்காற்று நகர்' என்று பெயரும் வைத்தார்கள்.

அடுத்த கோடையில் எங்கள் ஜன்னலில் அனல் வந்தது. நைனா நனைத்த சாக்கைத் தொங்கவிட்டார். அப்படியும் இழை அறுந்தது. அவர் குனிந்து குனிந்து முடிச்சுப் போடுவதைப் பார்க்க எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. காற்றைப் பற்றி அவர் அப்புறம் பேசவே இல்லை.

வாசனை எங்கிருந்து வருகிறதென்று இப்போது குனிந்து பார்த்தேன். தம்பி டப்பாவை நைனாவின் அந்த ஏரிக்கரைக் கல்லின் மேல்தான் வைத்திருந்தான்.

"கல்லு மேல ஆடாம நிக்குதா நைனா?" என்றான்.

"ஆடாதுடா" என்றார் நைனா, பெருமையாக. "ஒரு ஏரியவே தாங்கினு இருந்த கல்லாச்சே."

தம்பி டப்பாவில் இன்னொரு சொம்பு தண்ணீர் ஊற்றினான்.